முதல் மூன்று கோடை

கலிபோர்னியாவில் ஓக்லாந்து, பெர்க்லி என்ற இரண்டு நகரங்களின் ஊடாகச் செல்லும் அகன்ற சாலை ஒன்றின் ஓரத்தில் 480 இளமரங்களை நட்டார்கள். லண்டன் பிளேன், மக்னோலியா, பிளாக் லோக்கஸ்ட் என்று மூன்றே வகை. ஒரே சாலை, ஒரே மழை, ஒரே வெயில். இரண்டு ஆண்டுகள் போனபின் டேவிட் நோவாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் கணக்கெடுத்தபோது, நூற்றுக்கு 34 மரங்கள் பட்டுப்போயிருந்தன, அல்லது இருந்த சுவடே இல்லாமல் போயிருந்தன. ஆண்டுக் கணக்கில் சராசரியாக 19 சதவீத இழப்பு. 1990இல் இந்த ஆய்வு வெளியானது.

செத்த மரங்கள் சாலை நெடுகச் சமமாகப் பரவியிருக்கவில்லை. தனி வீடுகளுக்கு முன்னால் நின்ற மரங்களில் இழப்பு குறைவு. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு முன்னால் அதிகம். பொதுப் பசுமைத் திடல்களின் ஓரத்திலும் அதிகம். மண்ணும் மழையும் மட்டுமே மரத்தின் விதியை எழுதுவதாக இருந்தால் இப்படி ஒரு வேறுபாடு வந்திருக்காது. எதிரே யார் குடியிருக்கிறார்கள், அவர்கள் அந்த மரத்தை யாருடையதாக நினைக்கிறார்கள் என்பதும் அந்தச் சாலையின் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 19 சதவீதம் என்ற வேகத்தில் இழப்பு தொடர்ந்தால், இன்று நடும் நூறு மரங்களில் ஐந்து ஆண்டுக்குப் பின் 35 மிஞ்சும். பத்து ஆண்டுக்குப் பின் 12. அதையே ஆண்டுக்கு 5 சதவீதமாகக் குறைக்க முடிந்தால் ஐந்தாம் ஆண்டில் 77, பத்தாம் ஆண்டில் 60. குழி தோண்டிய கூலியும் கன்றின் விலையும் இரண்டு கணக்கிலும் ஒன்றுதான். நடைமுறையில், வேரூன்றிவிட்ட மரத்துக்கு ஆபத்து தானாகவே குறைந்துவிடும். அதனால் இந்தக் கணக்கின் சுமை முழுவதும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளின் மேல் வந்து விழுகிறது. லாரா ரோமன், ஃபிரெடெரிக் ஸ்கட்டேனா இருவரும் பல நகரங்களின் ஆய்வுகளைத் தொகுத்து, தெருமரத்தின் சராசரி ஆயுள் 19 முதல் 28 ஆண்டு வரை என்று 2011இல் கணித்தார்கள். நூறாண்டு நிற்கக்கூடிய இனங்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. சராசரியை இப்படிக் கீழே இழுப்பதில் பிள்ளைப் பருவத்தில் சாகும் மரங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அந்தப் பருவத்தில் மரத்துக்குள் என்ன நடக்கிறது?

நர்சரியில் வளரும் கன்று செல்லப்பிள்ளை. காலையும் மாலையும் தண்ணீர், மேலே நிழல்வலை, எருவும் மணலும் கலந்த இளகிய மண். அதன் வேர்கள் கறுப்பு பாலித்தீன் பையின் சுவரைத் தொட்டதும் திரும்பி, முறுக்குப் பிழிந்ததுபோல் உள்ளேயே சுற்றத் தொடங்குகின்றன. மேலை நாடுகளில் பெரிய மரங்களை வயலிலிருந்து மண்ணோடு தோண்டி எடுத்து வந்து நடுவது வழக்கம். அப்படித் தோண்டும்போது வேர்த்தொகுதியில் பத்தில் ஒன்பது பங்கு வரை வயலிலேயே தங்கிவிடும். எப்படி வந்தாலும், தெருவில் இறங்கும் கன்றுக்கு உயரமும் இலையும் ஓரளவு இருக்கின்றன; அவற்றுக்கு ஈடுகொடுக்கும் வேர் இல்லை.

இலை நீரை ஆவியாக விடும்போது தண்டின் நுண்குழாய்களில் உள்ள நீர் மேலே இழுக்கப்படுகிறது. வேர் கீழே உறிஞ்சித் தர முடியாவிட்டால் அந்த இழுப்பு கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் குழாய்க்குள் நீரின் தொடர் அறுந்து காற்றுக்குமிழி புகுந்துவிடும். அடைபட்ட குழாய் பெரும்பாலும் அடைபட்டதுதான். இந்த ஆபத்தைத் தவிர்க்க மரம் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. மூடினால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வராது, உணவு தயாராகாது. உணவு இல்லாவிட்டால் புது வேர் விட முடியாது. தாகத்தையும் பசியையும் மாற்றி மாற்றித் தாங்கிக்கொண்டுதான் கன்று முதல் கோடையைக் கடக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுற்றியுள்ள தரை ஈரமாக இருக்கும்போதே கன்று வாடக்கூடும். ஏனென்றால் முதல் சில மாதங்களில் வேர் முழுவதும் பழைய பையின் அளவு மண்ணுக்குள்தான் இருக்கிறது. அந்த ஒரு பிடி மண்ணின் ஈரத்தை வெயில் காலத்தில் இலைகள் இரண்டொரு நாளில் குடித்துத் தீர்த்துவிடும். ஆகவே தூரை ஒட்டி, பழைய வேர்மண் நனையும்படி மெதுவாக ஊற்ற வேண்டும். மாதங்கள் செல்லச் செல்ல வட்டத்தை அகலப்படுத்திக்கொண்டே போக வேண்டும், வேர் அந்தப் பக்கம் தேடிப் போவதற்காக. மேலாகத் தெளித்துவிட்டுப் போகும் தண்ணீர் மண்ணின் மேல்தோலை நனைத்து அன்று மாலைக்குள் ஆவியாகிவிடும். நியூயார்க் நகரப் பூங்காத் துறை தன் குடிமக்களுக்குச் சொல்லும் அளவு, மே முதல் அக்டோபர் வரை வாரம் ஒருமுறை 15 முதல் 20 கேலன். நம் அளவில் சுமார் 57 முதல் 76 லிட்டர். அங்கே நடுவது பையில் வரும் கன்றைவிடப் பெரிய மரம். நம் தெருக் கன்றுக்கு ஒரே நாளில் அவ்வளவும் தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு வாளி, அதுவும் நின்று நிதானமாக.

அடுத்து தண்டு. 1803இல் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற ஆங்கிலேயர் இளம் ஆப்பிள் மரங்களைக் காற்றில் ஆட முடியாதபடி கட்டிவைத்துப் பார்த்தார். ஆட விட்ட மரங்கள் பருத்தன. கட்டிய மரங்கள் பின்தங்கின. தண்டு வளைந்து நிமிரும்போதெல்லாம் அந்த அழுத்தத்தைச் செல்கள் உணர்ந்து, அந்த இடத்தில் கூடுதலாக மரக்கட்டையைச் சேர்க்கின்றன என்பது பின்னால் விளங்கியது. ஆதரவுக் குச்சி தேவைதான், ஆனால் கட்டு தளர்வாக இருக்க வேண்டும், ஓராண்டு போனால் அவிழ்த்துவிட வேண்டும். நம் ஊரில் நடக்கும் கொடுமை வேறு விதம். கன்றோடு கட்டிய நைலான் கயிறு, கூண்டின் கம்பி, விளம்பரத் தட்டியைத் தொங்கவிட்ட பைண்டிங் வயர் எல்லாம் அப்படியே கிடக்க, மரம் பருத்து அவற்றை விழுங்கிக்கொண்டிருக்கும். இலையில் செய்த சர்க்கரையை வேருக்குக் கொண்டு செல்லும் திசு பட்டைக்குள்ளேதான் இருக்கிறது. வளையமாக நெரித்தால் வேர் பட்டினி கிடக்கும். ஆடு பட்டையைச் சுற்றிலும் கடித்துவிட்டாலும் கதி இதேதான். கூண்டு ஆட்டைத் தடுக்கிறது; கூண்டே கழுத்தை நெரிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு மனிதக் கண் வேண்டும்.

மண்ணிலும் ஒரு சிக்கல். வேருக்கு மூச்சு உண்டு. மண்துகள்களுக்கு இடையே உள்ள காற்றறைகளிலிருந்து அது ஆக்சிஜன் எடுக்கிறது. இரு சக்கர வண்டி ஏறி ஏறி இறுகிய மண்ணில் அந்த அறைகள் நசுங்கிவிடுகின்றன. நடைபாதை போடுகிறவர் தூர்வரை சிமென்ட் பூசிவிட்டால் மேலே உள்ள வாசலும் அடைபடுகிறது. 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் காங்கிரீட்டை அகற்றும்படி உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. சிமென்ட் கலவை வந்து இறங்கும் அந்தக் காலை நேரத்தில், 'இந்த மரத்தைச் சுற்றி மட்டும் விட்டுவிடுங்கள் அண்ணே' என்று மேஸ்திரியிடம் சொல்ல வாசலில் ஒருவர் இருந்தால் உத்தரவைத் தேடிப் போகவே வேண்டாம்.

இத்தனை வேலைகளையும் மாநகராட்சி செய்யலாமே என்று கேட்பது நியாயம்தான். தண்ணீர் லாரி, சம்பளம், கண்காணிப்பு எல்லாம் அதன் பொறுப்பு; அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் கன்றின் நெருக்கடி வார அட்டவணைப்படி வருவதில்லை. வியாழக்கிழமை மதியம் வாடுகிறது. ஞாயிறு இரவு வண்டி மோதிச் சாய்கிறது. தினம் அந்த வழியே போய்வருகிறவருக்குத்தான் அது தெரியும்.

தொடக்கத்தில் சொன்ன ஓக்லாந்திலேயே, அந்தச் சாலை நடவுக்கு முன் நடந்த இன்னொரு நடவைப் பற்றி 1985இல் ஓர் ஆய்வு வந்தது. குடியிருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு நட்ட மரங்களில் 60 முதல் 70 சதவீதம் பிழைத்தன. அவர்களைக் கேளாமல் அதற்கு முன்பு நட்டவற்றில் ஒரு சதவீதம்கூட மிஞ்சவில்லை. நியூயார்க்கில் நடந்த பெரிய ஆய்வு 2010இல் வெளிவந்தது. நட்டு 3 முதல் 9 ஆண்டுகள் ஆன 13,405 தெருமரங்களை நேரில் போய்ப் பார்த்தார்கள். 74.3 சதவீதம் உயிரோடு இருந்தன. ஒன்றிரண்டு குடும்பங்கள் வாழும் வீடுகளுள்ள தெருக்களில் இது 82.7 சதவீதம். தொழிற்சாலைப் பகுதிகளிலும் திறந்தவெளி, காலிமனை ஓரங்களிலும் 60 சதவீதத்தை ஒட்டி நின்றது. மரத்தடியில் யாரோ கவனித்த அடையாளம் இருந்ததா என்பதையும் குறித்துக்கொண்டார்கள்: செடி வைத்திருக்கிறார்களா, சருகு மூடாக்கு போட்டிருக்கிறார்களா என்றெல்லாம். அந்த அடையாளங்களுக்கும் பிழைப்புக்கும் தெளிவான தொடர்பு தெரிந்தது. அக்கறை உள்ளவர்கள் நல்ல மண்ணும் குறைந்த போக்குவரத்தும் உள்ள தெருக்களில் வாழ்வதாலும் இந்தத் தொடர்பு ஓரளவு வந்திருக்கலாம். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு காலத்தில் செய்த ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டுவதை நான் ஒதுக்க மாட்டேன்.

அடுக்குமாடிக்கு முன்னால் மரம் ஏன் அதிகம் சாகிறது? அங்கே கைகள் அதிகம், குழாய்கள் அதிகம். எனக்கு இதன் விடை மரவியலுக்கு வெளியே கிடைத்தது. 1968இல் ஜான் டார்லி, பிப் லதானே என்ற இரண்டு உளவியலாளர்கள் நியூயார்க்கில் மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து மைக்கில் உரையாட விட்டார்கள். பேசிக்கொண்டிருந்த ஒருவருக்கு வலிப்பு வந்துவிட்டதுபோல் குரல் கேட்கும். அதைக் கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி கேட்டு எழுந்தார்கள். வேறு நால்வரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். மற்றவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பொறுப்பு பலர் மேல் பிரிந்து விழுந்ததில் ஒருவர் பங்குக்கு வந்தது போதவில்லை. நாற்பது வீடுகளுக்குப் பொதுவான கன்றும் அப்படித்தான் வாடுகிறது என்று நினைக்கிறேன். வாட்சாப் குழுவில் 'மரத்துக்கு யாராவது தண்ணீர் ஊற்றுங்கள்' என்று போட்டால் எல்லோரும் கைகூப்பும் படம் போடுவார்கள். 'மூன்றாம் மாடி மாமி, கேட் பக்கத்துப் பூவரசுக்குச் செவ்வாயும் சனியும் நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா?' என்று ஒருவர் பெயரையும் ஒரு மரத்தையும் இரண்டு கிழமையையும் சொல்லிக் கேட்டால் வேலை நடக்கும்.

கேட்பதிலும் முறை உண்டு. அதை டெட்ராய்ட் நகரம் கற்பிக்கிறது. 2011க்கும் 2014க்கும் இடையில் அங்கே ஒரு தன்னார்வ அமைப்பு இலவசமாக வீட்டு வாசலில் மரம் நடக் கிளம்பியபோது, ஏறக்குறைய நான்கில் ஒரு வீட்டார் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு மரத்தின் அருமை தெரியாது என்று நினைத்துவிடுவது எளிது. கிறிஸ்டின் கார்மைக்கேல், மொரீன் மெக்டொனா என்ற ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பேசியபோது வேறு கதை கேட்டார்கள். நிழலும் நல்ல காற்றும் தெருவின் அழகும் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தன. நகர நிர்வாகம் முன்பு மரங்களை வெட்டியதும், வளர்ந்தவற்றைக் கவனிக்காமல் விட்டதும், காய்ந்த கிளையின் ஆபத்தைத் தாங்களே சுமந்ததும் நினைவில் இருந்தன. இப்போதும் என்ன மரம், எந்த இடம், பின்னால் யார் கவனிப்பது என்று எதையும் தங்களைக் கேட்கவில்லை என்பது அவர்கள் வருத்தம். மரம் வேண்டாம் என்றவர்கள் மறுத்தது அப்படி ஒரு நடத்தையை.

நம் தெருவிலும் மறுப்புக்குக் காரணங்கள் இருக்கின்றன, அவை கேட்கத் தகுந்தவை. கடைக்காரருக்குப் பெயர்ப்பலகை மறையக் கூடாது. வயதான அம்மாவுக்குத் தினமும் இலை கூட்ட முடியாது. ஒருவருக்கு மின்கம்பி பற்றிய பயம், இன்னொருவருக்குச் சாக்கடைக் குழாய்க்குள் வேர் போய்விடுமோ என்ற கவலை. கம்பிக்குக் கீழே உயரம் போகாத மரம், கடைக்கு முன்னால் தண்டு ஓங்கிப் பலகைக்கு மேலே கவியும் மரம் என்று தேர்ந்துகொள்ள இடம் இருக்கிறது. 'புங்கையா மகிழமா, எதை வைக்கட்டும் அக்கா?' என்று நடுவதற்கு முன்னால் கேட்டால், கன்று வரும்போது அது அவர் தேர்ந்த மரமாக வருகிறது.

கர்நாடகத்தின் ஹூலிகல் கிராமத்தில் திம்மக்காவும் அவர் கணவர் சிக்கையாவும் செய்ததை இந்த அறிவியலின் கண்ணோடு பார்க்கும்போது எனக்கு வியப்பு கூடுகிறது. பிள்ளைப்பேறு இல்லாத கூலித்தொழிலாளிகள். சாலையோரம் 385 ஆலமரங்களை வளர்த்தார்கள். அதற்காகவே சாலுமரத திம்மக்கா என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் ஒரே நாளில் நானூறு நடவில்லை. முதல் ஆண்டில் பத்து, பிறகு அடுத்தது என்று போனார்கள். மழைக்காலம் தொடங்கும்போது நட்டார்கள். குடத்தில் தண்ணீர் சுமந்து நடந்தார்கள். மாடு மேயாமல் முள் வைத்துக் கட்டினார்கள். எத்தனை கன்றுகளைத் தங்கள் இரண்டு தோள்களால் காப்பாற்ற முடியுமோ அத்தனையை மட்டும் நடுவது என்ற அந்த அளவறிவு, பல நகரங்களின் மரத் திட்டங்களில் நான் காணாதது.

மழைக்காலம் என்றதும் நம் நாட்காட்டியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். பள்ளி, கல்லூரி, அலுவலகம் எல்லாம் அன்று கன்று நடும். கேரளத்தில் அந்த வாரம் தென்மேற்குப் பருவமழை இறங்கும் வாரம். கன்னியாகுமரி, தென்காசிப் பக்கமும் அதன் சாரல் எட்டும். சென்னையிலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் அது கத்திரி முடிந்தும் வெயில் முடியாத காலம். அங்கே பெருமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான். ஆண்டு முழுவதும் சென்னையில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கும் மேல் அந்த மூன்று மாதத்தில் கொட்டிவிடும். ஜூன் தொடக்கத்தில் நட்ட கன்று, வேர் இல்லாத தன் மிகப் பலவீனமான வாரங்களை ஆண்டின் மிகக் கடுமையான வெயிலில் கழிக்கிறது. அதே கன்றை மழையின் முதல் வாரங்களில் நட்டால் ஜனவரிக்குள் கொஞ்சமாவது வேர் ஓடியிருக்கும். கிழக்குக் கடற்கரை ஊர்களில் விழாவை ஜூனில் வைத்துக்கொள்வோம், பேசுவோம், யார் வாசலில் என்ன மரம் என்று எழுதிக்கொள்வோம். குழியை அக்டோபரில் வெட்டுவோம்.

நட்டபின் ஜனவரி முதல் மே வரைதான் வாசலில் இருப்பவரின் காலம். அரிசி களைந்த தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இரண்டும் கன்றுக்கு ஆகும். சோப்புத் தண்ணீர் ஆகாது. கூட்டிய சருகை எரிக்காமல் நாலு விரல் கனத்துக்குத் தூரைச் சுற்றிப் பரப்பினால் மண்ணின் ஈரம் நிற்கும். தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் பரப்ப வேண்டும். ஈரச் சருகு பட்டையை ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும். இலை முழுவதும் கொட்டிவிட்டால் உடனே பிடுங்க வேண்டாம். சில இனங்கள் கோடையில் இலையை உதிர்த்துவிட்டுக் காத்திருக்கும். நகத்தால் பட்டையை மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேலே காய்ந்திருந்தால் இன்னும் கீழே இறங்கிப் பாருங்கள். அடியில் பச்சை இருக்கிற கன்று மறுபடி துளிர்க்க வாய்ப்பு உண்டு.

நியூயார்க்கில் 2015இல் தெருமரக் கணக்கெடுப்பு நடந்தபோது இரண்டாயிரத்துக்கும் அதிகமான தன்னார்வலர்கள் நாடாவோடு தெருத்தெருவாகப் போனார்கள். 6,66,134 உயிருள்ள மரங்கள் பதிவாயின. மறு ஆண்டே ஒவ்வொரு மரமும் ஒரு புள்ளியாக உள்ள வரைபடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்று தண்ணீர் ஊற்றினேன், குப்பை எடுத்தேன் என்று யாரும் தங்கள் மரத்தின் கணக்கில் குறிக்கலாம். அந்த ஊரில் பயிற்சி எடுத்து, கிளை கவாத்து செய்ய அனுமதி அட்டை வாங்கிய சாதாரணக் குடிமக்களும் இருக்கிறார்கள். செய்த வேலை கண்ணுக்குத் தெரிவதும், பக்கத்துத் தெருக்காரர் அதைப் பார்ப்பதும் அடுத்த வாரமும் வாளியை எடுக்க வைக்கும் என்று நம்புகிறேன். நமக்கு அவ்வளவு பெரிய வரைபடம் உடனே வேண்டியதில்லை. பால் பூத்தில் ஒட்டிய ஒரு தாள் போதும்: எந்த மரம், யார் பொறுப்பு, அவர் ஊருக்குப் போனால் யார்.

தாளில் அந்தக் கடைசிக் கட்டம் முக்கியம். பதினொரு மாத வாடகை ஒப்பந்தத்தில் வாழ்பவை நம் நகரங்கள். கன்றுக்கோ மூன்று கோடை தாண்ட வேண்டும். அதற்குள் அது இரண்டு மூன்று குடும்பங்களின் கை மாறும். வீட்டைக் காலி செய்கிறவர் மோட்டார் சுவிட்ச், மீட்டர் பெட்டி எல்லாம் காட்டிக் கொடுக்கும்போது, வாசல் மரத்தையும் எந்தெந்தக் கிழமை தண்ணீர் என்பதையும் புதிதாக வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். மூன்றாம் கோடை முடிந்து, தண்ணீர் ஊற்றாத பதினைந்து நாளையும் மரம் வாடாமல் தாங்கினால் வேர் தன் வழியைத் தேடிக்கொண்டது என்று அர்த்தம். அப்போது கூண்டைக் கழற்றி, அந்த மழைக்கு நடப்போகும் அடுத்த கன்றுக்கு எடுத்து வைக்கலாம்.